தபால் கட்டைப் பிரித்தது யார்?

காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்து, அரசு அலுவலகங்களில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டி, மனைவியின் ஊர் என்பதால் அண்ணாமலை நகரில் ஒதுங்கியவன் நான். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று எழுதப்போவது கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் அல்ல. அடுத்தவருக்கு வந்த தபாலைப் பிரிப்பதைப் பற்றி. அதில் எனக்கு அனுபவம் உண்டு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வந்திருந்தான். ஒரு தனியார் நிறுவனத்தில் நெட்வொர்க் பார்ப்பவன். கடலூரிலும் சிதம்பரத்திலும் விருத்தாசலத்திலும் அவர்களுக்குக் கிளைகள் உண்டு. சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தோம். அப்போது போன் வந்தது. ஒரு கிளையில் இருந்து தலைமை அலுவலகத்துக்குக் கணக்கு போகவில்லையாம். லாகின் ஆகிறது, திரை திறக்கிறது, அன்றைய கணக்கை மொத்தமாக அனுப்பினால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறதாம்.

"கிளம்பணுமாப்பா?" என்றேன்.

"வேணாம் மாமா, இங்கேருந்தே பாத்துடலாம்" என்று லேப்டாப்பைத் திறந்தான்.

அவன் செய்ததை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். இன்டர்நெட்டில் எதுவும் முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் எல்லாம் போட்டு அனுப்புகிறார்கள். சாதாரணமாக ஒரு துண்டு 1500 பைட்டுக்கு மேல் இருக்காது. இந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். 1960களின் நடுவில் இங்கிலாந்தின் டொனால்ட் டேவிஸ் வைத்த பெயர் அது. இதே வேலையில் ஒரு பிரெஞ்சுக்காரருக்கும் பெரிய பங்கு உண்டு. லூயி புசான் என்பவர் 1970களின் தொடக்கத்தில் சிக்ளாத் என்ற வலையமைப்பை பிரான்சில் அமைத்தார். ஒவ்வொரு துண்டும் தனித்தனியே வழி தேடிப் போகட்டும், சேருமிடத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்ற அவருடைய யோசனையைத்தான் பின்னால் இன்டர்நெட்டைக் கட்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து பிரெஞ்சில் பக்கே என்றால் பொட்டலம், கட்டு. தபால் கட்டு என்று வைத்துக்கொண்டால் நம் போன்றவர்களுக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

அலுவலகத்துக்குள் வரும் கட்டும் வெளியே போகும் கட்டும் ஒரு வாசலைக் கடந்தாக வேண்டும். அந்த வாசலில் நிற்கும் காவல்காரன்தான் ஃபயர்வால். எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று அவனிடம் ஒரு பட்டியல் இருக்கும். எல்லாம் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், போகிற கட்டுகளை ஒரு நகல் எடுத்துவை என்று அவனிடமே சொல்லலாம். இதுதான் பாக்கெட் பிடிப்பது. புதிய வித்தை ஒன்றும் இல்லை. இதற்கென்று டிசிபிடம்ப் என்ற கருவி 1988லேயே அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதப்பட்டுவிட்டது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் வயர்ஷார்க் 1998ல் வேறு பெயரில் வந்தது.

புதுசு என்னவென்றால், என் மருமகன் அந்தக் கருவி எதையும் தொடவே இல்லை. ஏஐ ஏஜென்ட் என்கிற ஒன்றிடம் சாதாரண இங்கிலீஷில் ஒரே ஒரு வரி தட்டினான். இந்தக் கிளையில் இந்தக் கம்ப்யூட்டரின் கணக்கு போகவில்லை, ஏன் என்று பார், அவ்வளவுதான். அது தானே ஃபயர்வாலுக்குள் போனது. அந்தக் கம்ப்யூட்டரின் கட்டுகளை இரண்டு நிமிடம் பிடித்தது. படித்தது. பிறகு கணக்குக்கான கட்டுகளை மட்டும் தனியே பிடித்தது. முடிவையும் சொன்னது. ஏஜென்ட்டையும் இப்படிப்பட்ட கருவிகளையும் இணைப்பதற்கு ஒரு பொது ஏற்பாட்டை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது என்றும், அதற்குப் பிறகு ஃபயர்வாலோடு பேசுகிற இணைப்புகள் பல வந்துவிட்டன என்றும் சொன்னான்.

கோளாறு என்ன தெரியுமா? சின்னக் கட்டுகள் போய்ச் சேர்ந்தன. பெரிய கட்டுகள் நடுவழியில் நின்றன. கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையிலுள்ள பாதையில் ஒரு இடம் கொஞ்சம் குறுகல். தேர் திரும்பாத சந்து மாதிரி. "கட்டு பெரிசு, சின்னதாகப் பிரித்து அனுப்பு" என்று அந்த இடத்திலிருந்து ஒரு சீட்டு திரும்பி வரும். அந்தச் சீட்டை நம் வாசல் காவல்காரன் வேண்டாத தபால் என்று கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அதனால் அனுப்புகிறவனுக்கு விஷயமே தெரியாமல் பெரிய கட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தான். பழைய முறையில் இதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகியிருக்கும் என்றான் மருமகன். ஏஜென்ட்டுக்கு ஆனது பத்து நிமிடம். கையைத் தட்டியிருப்பேன்.

தட்டவில்லை. காரணம், முதல் இரண்டு நிமிடத்தில் பிடித்த கட்டுகளின் பட்டியல் திரையில் ஓடியதை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் பெரும்பாலான தளங்களில் உள்ளே இருக்கும் கடிதம் பூட்டியிருக்கிறது, படிக்க முடியாது. ஆனால் உறையின் மேல் எழுதியிருப்பது தெரியும். எந்தத் தளத்தின் முகவரியைக் கம்ப்யூட்டர் விசாரித்தது என்பது பல இடங்களில் இன்னமும் திறந்த அஞ்சல் அட்டையாகத்தான் போகிறது. அந்தப் பட்டியலில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் பெயர் நாலைந்து முறை வந்தது. அந்தக் கிளையில் அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருவது ஒரே ஒரு பெண்தான் என்று அவன் சற்று முன்புதான் சொல்லியிருந்தான்.

அவனும் பார்த்துவிட்டான். ஒன்றும் பேசாமல் திரையைக் கீழே நகர்த்தினான். நானும் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

இனி என் பழைய கதை. 1979ல் நான் ஒரு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தேன். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது இப்போது வேண்டாம். காலையில் தபால் வந்தால் உறையைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் கொடுத்து, அந்தந்தப் பிரிவுக்குப் பகிர்வது என் வேலை. மந்தணம் என்று எழுதிய உறையைப் பிரிக்காமல் அப்படியே அதிகாரியின் மேஜைக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் ஓர் உதவியாளரின் சொந்தப் பெயருக்கு, அலுவலக முகவரியில், ஒரு கடிதம் வந்தது. பிரிக்கலாமா என்று மேலே இருந்தவரைக் கேட்டேன். "ஆபீஸ் விலாசத்துக்கு வந்தா ஆபீஸ் தபால்தான்யா, பிரி" என்றார். பிரித்தேன். காசநோய் சானடோரியத்திலிருந்து வந்த கடிதம். சாயங்காலத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் அவருக்கு டீ தனி டம்ளரில் வந்தது. இரண்டு மாதத்தில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போவதற்கு முன் என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிரிக்கச் சொன்னது யாரு?" பதிவேட்டில் இருந்தது என் சுருக்கொப்பம் மட்டும். சொன்னவரின் உத்தரவு வாய் வார்த்தை. நான் சும்மா நின்றேன். அந்த நிற்றலை நாற்பத்தைந்து வருடம் கழித்தும் நான் மறக்கவில்லை.

ஏஜென்ட் விஷயத்தில் நான் கேட்பதும் அதே கேள்விதான். பிரிக்கச் சொன்னது யார்? மருமகன் கோளாறு என்னவென்று கேட்டான், அவ்வளவே. அந்தப் பெண்ணின் கட்டுகளை எல்லாம் பிடி என்று அவன் சொல்லவில்லை. ஏஜென்ட் தானே முடிவு செய்தது. ஒவ்வொரு முறையும் செய்யட்டுமா என்று அது கேட்கும்படி வைக்கலாமாம். தொல்லையாக இருக்கிறது என்று "எப்போதும் சரி" என்று இவன் முன்பே அமுக்கி வைத்திருக்கிறான். ஆக, மேலதிகாரியின் வாய் வார்த்தை உத்தரவு இப்போது ஒரு பொத்தானாகிவிட்டது.

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பாரதியார் 1908ல் புதுச்சேரிக்குப் போனார். பத்து வருடம் அங்கே இருந்தார். அரவிந்தர் 1910ல் வந்தார். வ.வே.சு. ஐயரும் வந்தார். பிரெஞ்சு எல்லைக்குள் அவர்களைக் கைது செய்ய முடியாத பிரிட்டிஷ் சர்க்கார், ஒற்றர்களை வைத்தது, அவர்களுடைய கடிதங்களை வழியில் பிரித்துப் பார்த்தது. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைது. பாரதியார் அடைபட்டது நம் கடலூரில்தான். பிரான்சில் மன்னர்கள் காலத்தில் இதற்கென்றே ஓர் இருட்டறை இருந்தது, கபினே நுவார் என்று பெயர். அரக்கு முத்திரையைச் சேதமில்லாமல் எடுத்து, படித்து, மறுபடியும் ஒட்டி அனுப்புவார்கள். கடித ரகசியம் என்ற உரிமையை 1789 புரட்சி காலத்தில் மக்கள் கேட்டு வாங்கியதை எங்கள் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் உணர்ச்சியோடு சொல்வார்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. கடிதம் பிரிக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், நேரம் வேண்டும். யாரைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். பாரதியாரைப் பார்த்தார்கள், பக்கத்துத் தெருப் பலசரக்குக் கடைக்காரரை விட்டுவிட்டார்கள். பாக்கெட் பிடிப்பதும் நேற்றுவரை அப்படித்தான். அந்தக் கருவியின் பாஷை தெரிந்தவர் ஊருக்கு ஓரிருவர். அவருக்கும் ஆயிரக்கணக்கான வரிகளைப் படிக்கப் பொறுமை இராது. நம்மைக் காப்பாற்றியது பாதி சட்டம், பாதி சோம்பல். இப்போது அந்தச் சோம்பல் போய்விட்டது. ஒரு வரி தட்டினால் போதும். நெட்வொர்க் தெரியாத மேனேஜர்கூட "அந்தப் பொண்ணு இன்னிக்கு எதையெல்லாம் பார்த்தா?" என்று கேட்டுவிட முடியும். பதில் சுருக்கமாக, அழகாக, பத்து நிமிடத்தில் வந்துவிடும். என் பயமெல்லாம் இதுதான்.

மருமகன் சும்மா விடவில்லை. "மாமா, மனுஷன் பாத்தா நாலு பேர்கிட்ட சொல்லுவான். மெஷின் வம்பு பேசாது. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல நான் பிடிச்சா எல்லாத்தையும் சேத்துதான் பிடிப்பேன். அது சரியாச் சொன்னா குறுக்கிப் பிடிக்கும். என்ன செஞ்சதுன்னு வரிவரியா எழுதியும் வைக்கும்" என்றான். இதில் உண்மை இருக்கிறது. 1979ல் தபாலைப் பிரித்தது மெஷினாக இருந்திருந்தால் அந்த டம்ளர் தனியாக வந்திருக்காது. அதோடு, கட்டைப் பார்க்கவே கூடாது என்றும் சொல்ல முடியாது. 2019ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் அலுவலக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் வேவு பார்க்கும் மென்பொருள் புகுந்ததை இந்திய அணுமின் கழகமே அந்த ஆண்டு அக்டோபர் 30ந் தேதி ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றது. வாசலில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று பார்க்க ஆள் இல்லாவிட்டால் இப்படிப்பட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? பார்க்கத்தான் வேண்டும்.

ஆகவே ஏஜென்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. குமாஸ்தா என்ற முறையில் சில நடைமுறைகள் வேண்டும் என்கிறேன்.

முதலாவது, உத்தரவு மனிதனுடையதாக இருக்க வேண்டும். ஃபயர்வாலின் நிலவரத்தை ஏஜென்ட் தானே பார்க்கட்டும். கட்டைப் பிரிப்பதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒருவர் காரணம் எழுதிச் சரி சொல்ல வேண்டும். கேட்பதும் அனுமதிப்பதும் ஒரே கையாக இருந்தால் அது அனுமதியே அல்ல.

இரண்டாவது, அளவு. எந்தக் கம்ப்யூட்டர், எந்த வேலைக்கான கட்டு, எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே குறுக்க வேண்டும். முதலில் உறையை மட்டும் பார்க்கட்டும். அன்று நடந்த கோளாறுக்கு உறையில் இருந்த அளவும் வரிசை எண்ணுமே போதுமாக இருந்தது. கணக்குக்கான கட்டுகளை முதலிலேயே தனியாகப் பிடித்திருந்தால் அந்த மருத்துவமனையின் பெயர் எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

மூன்றாவது, பிடித்தது எங்கே போகிறது என்பது. அன்று அந்த நகல் ஃபயர்வாலில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று. ஏஜென்ட்டின் மூளை இருப்பது வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில், ஆக படித்த பகுதி அங்கேயும் போயிருக்கிறது. அலுவலகக் கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போனாலே நமக்கு மெமோ கொடுப்பார்கள். இது கடல் தாண்டிப் போகிறது. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை முடிந்ததும் எந்தத் தேதியில் அழிப்பது என்பதும் முதலிலேயே எழுதப்பட வேண்டும்.

நான்காவது, எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம். ஏஜென்ட் தான் படிக்கிற கட்டுக்குள் "இதைப் படிக்கிறவரே, உடனே இந்த வாசலைத் திறந்துவிடுங்கள்" என்று யாராவது விஷமி எழுதி வைத்திருந்தால், அதையும் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு செய்துவிடக்கூடுமாம். நம் அலுவலகத்தில் மனுவுக்குள் என்ன எழுதியிருந்தாலும் அது மனுதான். அதைப் படித்த குமாஸ்தா தானாகப் பட்டா கொடுத்துவிட மாட்டான். அதனால் படிக்கிற ஏஜென்ட்டுக்குப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் கூடாது. இரண்டு வேலையும் ஒரே கையில் கூடவே கூடாது.

ஐந்தாவது, கோளாறு வந்தால் இப்படிப் பார்ப்போம் என்று ஊழியர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தெரிந்து எழுதும் அஞ்சல் அட்டை வேறு, பூட்டியிருக்கிறது என்று நம்பி எழுதும் கடிதம் வேறு.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. சர்க்கார் டெலிபோனை ஒட்டுக்கேட்கும் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18ல் சொன்னதே இந்த மாதிரிதான். உள்துறைச் செயலர் நிலையில் எழுத்து மூலமான உத்தரவு, இரண்டு மாதக் கெடு, நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது, பிறகு சரிபார்க்க ஒரு குழு. 2017ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஒரு தனியார் கிளையின் ஃபயர்வாலுக்கு அந்த டெலிபோன் தீர்ப்பு நேராகப் பொருந்தாது, எனக்குத் தெரியும். ஆனால் சர்க்காருக்கே போட்ட கடிவாளத்தைக் கம்பெனிக்காரரும் தானாகப் போட்டுக்கொண்டால் குறைந்தா போய்விடுவார்?

சாயங்காலம் கிளம்பும்போது மருமகன் லேப்டாப்பை மறுபடி திறந்தான். அந்த "எப்போதும் சரி"யை எடுத்தான். பிடித்து வைத்திருந்ததை ஃபயர்வாலிலும் லேப்டாப்பிலும் அழித்தான். "மூணாவது இடத்துல இருக்கறதுக்கு என்ன பண்ணுவே?" என்றேன். "அதுக்கு அவங்களுக்குத்தான் எழுதணும் மாமா" என்றான், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பிறகு, "உங்க தபால் பதிவேட்டுல என்னென்ன கட்டம் இருக்கும்?" என்று கேட்டான். பழைய நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். வரிசை எண், தேதி, கேட்டவர், காரணம், யாருடைய கட்டு, எத்தனை நிமிடம், அழித்த தேதி. "ஏழு கட்டமா, எவன் மாமா நிரப்புவான்?" என்று சிரித்தான்.

"எட்டு" என்றேன். கடைசியில் இன்னொரு கட்டம் போட்டு, அனுமதி கொடுத்தவர் சுருக்கொப்பம் என்று எழுதினேன். நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.